சூட்டோடு மூடிய டின்கள்

எங்கள் உறவில் யாருக்கு என்ன நடந்தாலும் என் அக்கா வீட்டிலிருந்து ஒரு டின் போகும். குழந்தை பிறந்தால் டின். வீடு மாறினால் டின். பரீட்சையில் பாஸானால் டின், பெயிலானால் ஆறுதலுக்கு ஒரு டின். ஒருவன் வண்டியிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டு படுத்திருந்தபோதுகூட டின் போயிற்று. உள்ளே இருந்தது, கடித்தால் சடக்கென்று சத்தம் கேட்கிற மசாலா பிஸ்கட். பல் இல்லாதவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான் என்று கேட்டேன். "பாத்துட்டு இருக்கட்டும், பல்லு கட்டினதும் திம்பான்" என்றாள் அக்கா. கிண்டலுக்குச் சொல்லவில்லை. மாவு பிசைந்துகொண்டே, தூக்கத்தில் கண் சொருக, மெய்யாகவே சொன்னாள்.

நான் அவளுக்கு இளையவள். அவள் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். அவள் வீடு என் கடைக்கு நேர் மேலே. நான் மெஷினை நிறுத்தினால் மேலே பூரிக்கட்டை உருளும் சத்தம் கேட்கும். எனக்குச் சர்க்கரை வியாதி, ஆகவே அவளுடைய பிஸ்கட் எனக்கு விலக்கு. தின்ன உதவாத வாயைத் திட்டுவதற்கு மட்டும் பயன்படுத்தி வந்தேன். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டால், "இருக்கு, இதை முடிச்சிட்டுப் பாக்கணும்" என்பாள். அது முடிந்து நான் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு பேக்கரியில் பாக்கிங் வேலை பார்த்தாள். அடுப்புப் பக்கம் பெண்களை விடமாட்டார்கள். டின்னில் அடுக்கி, மூடி, ஓரத்தில் டேப் ஒட்டுவதுதான் வேலை. ஆனால் நாள் முழுக்க பிஸ்கட்டைக் கையால் தொடுகிறவளுக்கு எது வெந்தது, எது வேகாதது என்பது தானாகவே தெரிந்துவிடும். மிச்சத்தையெல்லாம் கண்ணாலேயே திருடிக்கொண்டு வந்துவிட்டாள். அந்தக் காலத்து முறை. மைதா, வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, கெட்டியான கரும்புப் பாகு. சுக்கு, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், நாக்கில் சுருக்கென்று இருக்க கொஞ்சம் மிளகு. எல்லாவற்றையும் இடித்து, சலித்து, பிசைந்து, ஈரத்துணி சுற்றி ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவாள். மறுநாள் அது கல்லாகி இருக்கும். அந்தக் கல்லைத்தான் பூரிக்கட்டையால் காகிதம்போல மெலிசாகத் தேய்க்க வேண்டும். அவளுடைய வலது மணிக்கட்டு போனது அதில்தான்.

இந்த பிஸ்கட் உப்ப அவள் சோடா உப்பு போடமாட்டாள். பேக்கரிக்காரர்கள் அமோனியா என்று சொல்கிற வெள்ளைப் பொடிதான். அது ஓவனில் இருக்கும்போது வீடே நாறும். கண் எரியும். மேல்மாடியில் இருக்கும் அம்மாள் ஒருநாள் படியில் பாதி இறங்கிவந்து, "யாருக்குங்க தலைக்கு டை அடிக்கறீங்க?" என்று கேட்டாள். அந்த வாயை அடைக்க அவளுக்கும் ஒரு டின் என்று வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்த நாற்றம் முழுக்க வெளியேறிவிட்டால் பிஸ்கட்டுக்கு வரும் மொறுமொறுப்பு வேறு எதிலும் வராது. அப்புறம் சுக்கும் கிராம்பும்தான் மணக்கும். அதற்கு மாவை மெலிசாகத் தேய்க்க வேண்டும், வெந்ததைத் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு டின்னில் போட்டு மூடினால் நாற்றம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். பாக்கிங் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தருவது இதைத்தானாம். புறங்கையை வைத்துப் பார், குளிர்ந்திருந்தால் மட்டும் மூடு. அக்கா வாழ்க்கையில் எத்தனையோ விஷயத்தில் ஏமாந்திருக்கிறாள், இந்த ஒன்றில் ஏமாந்ததே இல்லை.

ஓவனுக்குப் போகும் முன் ஒவ்வொரு பிஸ்கட்டின் நடுவிலும் ஒரு பெரிய கோட்டுப் பட்டனை அழுத்துவாள். நான் கொடுத்த பட்டன். ஒரு வட்டமும் நாலு ஓட்டையும் அச்சாக விழும். அதைப் பார்த்தாலே அக்கா வீட்டு பிஸ்கட் என்று தெரிந்துவிடும்.

அந்த ஓவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் கதவு தானாக மூடி நிற்காது. ஒரு ஸ்டூலை முட்டுக்கொடுக்க வேண்டும். ஸ்டூல் நகராமல் இருக்க அதில் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் அக்கா. ஒரு தடவைக்கு இரண்டு தட்டுதான் உள்ளே போகும். ஆகவே உட்கார்ந்து, எழுந்து, தட்டை மாற்றி, மறுபடி உட்கார்ந்து என்று பொழுது போகும். "புதுசு வாங்கக் கூடாதா?" என்றால், "உக்காற ஒரு சாக்காவது இருக்கே" என்பாள்.

இவ்வளவும் ஆரம்பித்தது ஒரு சண்டையில். அக்கா கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கும் நாத்தனாருக்கும், அதாவது அத்தானின் தங்கைக்கும், கட்டிலில் போட்ட ஈரத் துண்டை முன்னிட்டு ஒரு தகராறு. இரண்டு பேரும் பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்காவுக்குத்தான் பொறுக்காதே, ஒரு டின் பிஸ்கட் சுட்டு அனுப்பினாள். நாத்தனார் உருகிவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது, எதுவானாலும் ஒரு டின் அனுப்பினால் சரியாகிவிடும் என்று. அனுப்ப வேண்டியது யார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

கேட்பதிலும் ஒரு நாகரிகம் வைத்திருந்தார்கள். வாயைத் திறந்து கேட்கமாட்டார்கள். தின்று முடித்த டின்னைக் கழுவித் துடைத்து, அக்கா வீட்டு வாசலில் இருக்கும் செருப்பு ஷெல்ஃபில் வைத்துவிட்டுப் போவார்கள். காலி டின் வந்தால் நிரப்ப வேண்டும் என்று அர்த்தம். அந்த ஷெல்ஃபில் செருப்புக்கு இடமில்லாமல் எப்போதும் டின்களாக நிற்கும். வருகிறவர்கள் செருப்பைப் படியில் கழற்றிவிட்டு வருவார்கள்.

அக்காவுக்கு இதை நிறுத்த வேண்டும். ரொம்ப நாளாகவே நிறுத்த வேண்டும். அவள் வேறு எதையும் கேட்கவில்லை. "போதும்னு இருக்குடி" என்று என் கடையில் வெட்டுத்துணி மூட்டைமேல் சாய்ந்துகொண்டு சொல்வாள்.

"சொல்லிட வேண்டியதுதானே, முடியலன்னு?"

"முடியலன்னு சொன்னா ஏன் முடியல, என்ன ஆச்சு, டாக்டரப் பாத்தியான்னு பத்து நிமிஷம் பேசணும். அதுக்குள்ள மாவு பிசைஞ்சிடலாம்."

"அப்ப சாகற வரைக்கும் சுட்டுட்டே இருப்பியா?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "யாராவது ஒருத்தர் நல்லா இல்லன்னு சொன்னா நிறுத்திடுவேன். எல்லாரும் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னா எப்படி நிறுத்தறது? மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காதா?"

நல்லா இருக்கு என்று சொல்லாத ஆள் ஒருத்தி இருந்தாள். அக்காவின் மருமகள். ஒரு கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். விடிந்தும் விடியாமல் பஸ் பிடித்துப் போய் மத்தியானம் வேலை முடிகிறவள். நகரத்தின் அந்தக் கோடியில் அவளும் அக்காவின் மகனும் குடியிருக்கிறார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் டின் போகிறது, ஒரு வார்த்தை வந்ததில்லை. மகன் போனில், "அம்மா, சூப்பர்மா" என்பான். அவள் பின்னாலிருந்து பாத்திரத்தை உருட்டுவாள். நான் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்திருந்தேன். "வாயில என்ன முத்தா உதிர்ந்துடும்?" என்று நான் பொரிந்தால், "விடுடி, பிடிக்கலையோ என்னவோ" என்று அக்காவே சமாதானம் சொல்வாள். சொல்லும்போது முகம் வாடும்.

இந்த நிலைமையில்தான் அத்தானுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிற்று. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர். வண்டிக்கு அடியில் மண்டியிட்டு மண்டியிட்டே முழங்கால் தேய்ந்து போயிற்று. வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் காலை நீட்டினவர், தன் வாயைத் தவிர வேறு எதையும் அசைக்கவில்லை. தண்ணி என்பார். தலகாணி என்பார். ரிமோட் என்பார், அது அவர் இடுப்புக்கடியிலேயே இருக்கும். ராத்திரியும் பகலும் அக்கா அடுக்களைக்கும் கட்டிலுக்குமாக நடந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது. மணிக்கட்டு வீங்கி, வளையலைக் கழற்றிவிட்டாள்.

அப்போது நாத்தனாரிடமிருந்து போன். கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்டேன்.

"அண்ணி, என் பையன் ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறக்கிறான்ல? வர்றவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு டின் குடுத்தா நல்லா இருக்கும்னு ஆசைப்படறான். உங்க கையால குடுத்தா அது தனி மரியாதை. டின்னெல்லாம் அவனே வாங்கி அனுப்பிடுவான், நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம்."

டின் வாங்குவதுதான் சிரமம் என்று நினைத்திருக்கிறாள்!

"என்னைக்கு திறப்பு?" என்றாள் அக்கா.

"வெள்ளிக்கிழமை."

"இன்னிக்கு புதன்கிழமை ஆச்சே."

"அதான் முன்கூட்டியே சொல்றேன் அண்ணி."

முடியாது என்று சொல் என்று நான் கையைக் காலை ஆட்டினேன். அக்கா என்னைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "சரிம்மா" என்றாள். போனை வைத்தபின், "ஒண்ணும் பேசாதே, எனக்குக் கேட்கக்கூட தெம்பில்ல" என்றாள். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. படியிறங்கி வந்து, பாவம், ஒரு கல்லூரிப் பெண்ணின் சட்டைக் கையைத் தப்பாக வெட்டித் தொலைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து மேலே கட்டை உருண்டது. மத்தியானம் உருண்டது. இடையிடையே நிற்கும், அத்தான் கூப்பிட்டிருப்பார். வழக்கமாக மாவு மெலிசாக மெலிசாகக் கட்டையின் சத்தமும் லேசாகிக்கொண்டே வரும். அன்று அது லேசாகவே இல்லை. பாதியிலேயே நின்று, அடுத்த உருண்டை ஆரம்பமாயிற்று. நான் மேலே பார்த்துக்கொண்டே தைத்தேன். நாற்றம் படிவழியே இறங்கி என் கடைக்குள் வந்தது.

சாயங்காலம் மேலே போனேன். சாப்பாட்டு மேஜைமேல் பளபளவென்று புது டின்கள் அடுக்கி, மூடி, டேப் ஒட்டித் தயாராக இருந்தன. மேல்மாடி அம்மாளின் டின்னும் மகன் வீட்டு டின்னும் தனியாக இருந்தன. அக்கா ஓவன் ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். ஓவன் அணைந்திருந்தது, கதவை யாரும் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை, ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

சும்மா ஒரு டின்மேல் கையை வைத்தேன். கதகதவென்று இருந்தது.

"அக்கா, டின் சூடா இருக்கு."

"தெரியும்" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் சரிதான் என்று விட்டிருப்பேன். முதல் நாள் பாடம் அது. தெரிந்தே மூடியிருக்கிறாள்.

"ஆற வெக்க உக்காந்திருந்தா இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும். முடியலடி. படுக்கணும்போல இருந்துச்சு. மூடிட்டா வேலை முடிஞ்சிடும்ல? மூடிட்டேன்."

"படுத்தியா?"

"எங்க படுக்கறது? அதுக்குள்ள உங்கத்தான் பாத்ரூம் போகணும்னாரு."

வேன்காரன் வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனான். அப்பாவைப் பார்க்க வந்த மகன் தன் டின்னை எடுத்துக்கொண்டு போனான். மேல்மாடி அம்மாள் தானே இறங்கிவந்து வாங்கிப் போனாள். எல்லோரும் போனபின் மிச்சம் இருந்த ஒரு டின்னை அக்கா திறந்தாள். குப்பென்று முகத்தில் அடித்தது. சர்க்கரையாவது மண்ணாவது என்று நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவைத் துடைத்த துணியைக் கடித்ததுபோல இருந்தது. தடிமனாக, நடுவில் மாவாக, பட்டன் அச்சு ஒரு பக்கம் அமுங்கி ஒரு பக்கம் விழாமல் இருந்தது. ஜன்னல் வழியே துப்பினேன். கீழே யார் போனார்கள் என்று பார்க்கவில்லை.

"போன் பண்ணி திங்க வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"வேணாம்" என்றாள் அக்கா. "அவங்களே சொல்லட்டும்."

முகத்தில் பயம் இருந்தது. இத்தனை வருஷத்துப் பேரும் ஒரே நாளில் போய்விடுமே என்கிற பயம். அதோடு ஆசையும் இருந்தது. நாளைக்குப் போன் வரும். நாத்தனார் கத்துவாள், பையனின் மானம் போயிற்று என்பாள், இனிமேல் உங்களை எதுவும் கேட்கமாட்டோம் என்பாள். அதைக் கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்கலாம். அக்கா போனை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தாள்.

போன் வந்தது. "அண்ணி, கைப்பக்குவம்னா இதுதான்! வந்தவங்கள்லாம் அசந்துட்டாங்க!"

"வாசனை எதுவும்..." என்று அக்கா இழுத்தாள்.

"வாசனை தூக்குது அண்ணி!"

மகன் பேசினான். "சூப்பர்மா. எப்பவும் போல." மேல்மாடி அம்மாள் படியில் வழிமறித்து, "உங்களைமாதிரி யாருக்கு வரும்?" என்றாள். அத்தானுக்கு டீயோடு ஒன்றைத் தட்டில் வைத்தாள் அக்கா, எதிரிலேயே நின்று பார்த்தாள். அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே முழுசையும் தின்று முடித்தார். "எப்படிங்க இருக்கு?" என்றாள். "நல்லாத்தான் இருக்கு" என்றார். நல்லா இருக்கு என்று சொன்ன இவ்வளவு பேரில் அவர் ஒருவர்தான் உண்மையிலேயே தின்றவர். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதற்கு மறுநாள் என் கடைக்கு ஒரு வாடிக்கைக்காரி வந்தாள். ஒர்க்‌ஷாப்காரர் மனைவி. பையிலிருந்து ஒரு டின்னை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "ஏதோ கடை திறப்புல குடுத்தாங்களாம். எங்க வீட்ல யாரும் இதெல்லாம் திங்கறதில்ல. உங்களுக்காவது ஆகட்டுமேன்னு கொண்டாந்தேன்" என்றாள். வாங்கி மேஜைக்கடியில் ஒளித்து வைக்குமுன் நூல்கண்டு கேட்டு அக்கா இறங்கி வந்துவிட்டாள். டின்னைப் பார்த்தாள். எடுத்துத் திருப்பினாள். டேப் பிரிக்கப்படவே இல்லை.

"நுனிய மடிச்சு ஒட்டியிருக்கேன் பாரு" என்றாள் மெல்ல. "நகம் இல்லாதவங்களும் ஈசியா பிரிக்கட்டும்னு. எல்லாத்துலயும் அப்படித்தான் ஒட்டுவேன்."

நான் மேஜைமேல் கிடந்த வெட்டுத்துணியை ஓரமாக ஒதுக்கினேன்.

"ஒருத்தரும் திங்கலடி" என்றாள். "இந்தத் தடவை மட்டும் இல்ல. எப்பவுமே தின்னிருக்க மாட்டாங்க."

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்றேன். ஆறுதல் சொல்வது எனக்குக் கைவராத வேலை. அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நூல்கண்டை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறிப் போனாள்.

அன்றைக்கே நாத்தனாரின் பழைய டின் திரும்பி வந்தது. யாரோ வந்து ஷெல்ஃபில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சுத்தமாகக் கழுவி, துடைத்து, காலியாக. அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "தின்னுட்டு கழுவினாளா, கொட்டிட்டு கழுவினாளா?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? டின்னுக்கு வாய் இருந்தால்தான் உண்டு.

அதைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உள்ளே போய் மைதா டப்பாவை இறக்கினாள்.

"என்னக்கா பண்ற?"

"டின் வந்திருக்கே."

"யாரும் திங்கறதில்லன்னு இப்பத்தானே சொன்ன?"

"திங்கறாங்களோ இல்லையோ. அனுப்பலன்னா ஏன் அனுப்பலன்னு கேப்பாங்க" என்று சலித்த மாவில் கையை விட்டாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவள் பிசைந்த விதத்தைப் பார்த்தபின் உலுக்கவும் மனசு வரவில்லை.

அப்போதுதான் மருமகள் வந்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல், வேலை முடிந்த கையோடு, ஆஸ்பத்திரி சீருடையிலேயே வந்திருந்தாள். தோளில் துணிப்பை. தனியாக அவள் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை. எப்போதும் புருஷன் பின்னால் வந்து, புருஷன் பின்னால் போகிறவள். கதவைத் திறந்த நான், ஏதோ சண்டை போல, மகனிடம் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே வந்தவள் என்னைத் தாண்டி நேராக அடுக்களைக்குப் போனாள்.

"அத்தை, உடம்புக்கு என்ன?" என்றாள்.

அக்கா மாவுக் கையோடு திரும்பினாள். "எனக்கென்ன? நல்லாத்தானே இருக்கேன். நீ என்ன இந்த நேரத்துல?"

மருமகள் பையிலிருந்து டின்னை எடுத்து மேஜைமேல் வைத்துத் திறந்தாள். நாற்றம் வந்தது. முழு டின்னில் ஒன்றோ இரண்டோதான் குறைந்திருந்தது.

"இது நல்லா இல்ல, அத்தை."

நான் வாயைத் திறந்தேன், அவ்வளவு கோபம். இத்தனை வருஷம் பேசாத வாய் முதல்முதலாகப் பேசுவது இதைத்தானா! ஆனால் அக்கா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள், பேசாதே என்று. அவள் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியவில்லை. காத்திருந்த ஆள் கடைசியில் வந்துவிட்டதைப் பார்க்கிற முகம்.

"எப்பவும் மெலிசா இருக்கும்" என்றாள் மருமகள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "தினமும் காலையில பஸ்ல இதைத்தான் திம்பேன், வீட்ல சாப்பிட நேரம் இருக்காது. கடிச்சா பக்கத்து சீட்டுக்காரங்க திரும்பிப் பாப்பாங்க, அவ்வளவு சத்தம் வரும். இது தடியா இருக்கு. பட்டன் அச்சு ஒரு பக்கம் விழவே இல்ல. உங்களால அழுத்த முடியல. உங்க கைக்கு என்ன ஆச்சு அத்தை?"

அக்கா ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "வலிக்குது" என்று வந்தது. "ரொம்ப நாளா வலிக்குது."

"அப்ப விட்டுடுங்க."

"எப்படிம்மா விடறது? எல்லாரும் கேப்பாங்களே."

"கேட்டா என்னைச் சொல்லுங்க. மருமக வந்து கண்டிச்சுட்டா, அடுப்புப் பக்கம் போகக் கூடாதுன்னுட்டான்னு சொல்லுங்க. திட்டினா என்னைத் திட்டட்டும்." சொல்லிவிட்டு லேசாக என் பக்கம் பார்த்தாள். "எனக்கு அது ஒண்ணும் புதுசு இல்ல."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை, எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்க் குழாய்தான் இருந்தது.

அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைத்தால் மாவு அப்பும், ஆகவே துடைக்காமல் நின்றாள். "இத்தனை வருஷமா திங்கறே. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லா இருக்குன்னு நீ சொன்னதில்லையே. பிடிக்கலைன்னு இல்ல நினைச்சேன்?"

மருமகள் உள்ளங்கையிலிருந்த பிஸ்கட்டைத் திரும்ப டின்னில் வைத்தாள். பேசிப் பழகாதவள்.

"சொன்னா இன்னொரு டின் செஞ்சு அனுப்புவீங்க, அத்தை."

அவ்வளவுதான் சொன்னாள். அக்காவைத் தொட்டியருகே கூட்டிப்போய்க் கையைக் கழுவிவிட்டாள். வீங்கின மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள், அமுக்கிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை தெரிந்த டாக்டரிடம் தானே கூட்டிப்போவதாகச் சொன்னாள். உள்ளேயிருந்து அத்தான், "தண்ணி" என்றார். "நான் குடுக்கறேன், நீங்க போய்ப் படுங்க" என்று மருமகள் டம்ளரை எடுத்தாள். அக்கா என்னைப் பார்த்தாள், படுக்கலாமா என்று அனுமதி கேட்பதுபோல. "போயேன்" என்றேன். பகல் வெளிச்சத்தில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள் அடுத்த நிமிஷமே குறட்டை விட்டாள்.

போன் அடித்தது. நாத்தனார். நான்தான் எடுத்தேன்.

"அண்ணி எங்க? டின் வந்து சேந்துச்சான்னு கேக்கலாம்னு..."

"அக்கா தூங்கறா."

"இந்த நேரத்துலயா? ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. தூக்கம் வந்துச்சு, தூங்கறா" என்று வைத்துவிட்டேன்.

அக்கா பிசைந்து வைத்திருந்த மாவை மருமகள் எடுத்துக் குப்பையில் போட்டாள். தான் கொண்டுவந்த டின்னிலிருந்த பிஸ்கட்டையும் கொட்டினாள். டின்னை நன்றாகத் தேய்த்துக் கழுவி, நாற்றம் போயிற்றா என்று முகர்ந்து பார்த்து, துணியால் துடைத்தாள். வாசல்வரைக்கும் கூடப் போனேன். செருப்பு ஷெல்ஃபில் நாத்தனாரின் காலி டின்னுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அங்கே ஒரு டின்னை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அவள் தன் காலி டின்னைத் துணிப்பையில் போட்டு, தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.